சம்பந்தி குடிக்காத ஜின்

22.2.1972, செவ்வாய்

சின்ன காஞ்சிபுரத்துச் சம்பந்தி தாமே வீட்டில் காய்ச்சிய ஜின்னை எனக்கும் என் மைத்துனனுக்கும் ஊற்றினார். மொத்தமே ஒரு பாட்டில்தான். கொத்தமல்லி விதை, நாரத்தைத் தோல், லேசான கசப்பு. நல்ல வகுப்பில் பையன்கள் சேர்ந்து செய்யுள் சொல்லும்போது எந்தப் பையன் குரலும் தனியாகக் கேட்காதே, அப்படி இருந்தது. ஆனாலும் நான் ஒரு வாயோடு நிறுத்திவிட்டேன். அவர் தொடவே இல்லை.

“நீங்க சாப்பிடலையா?” என்றேன்.

“இன்னிக்குக் கிருத்திகை விரதம், சம்பந்தி.”

“அப்ப முருகன் பங்கையும் எனக்கே ஊத்துங்க!” என்றான் மைத்துனன்.

இதற்கு அடிப்படையான ஸ்பிரிட்டை எங்கே வாங்கினீர்கள் என்று பெண் கொடுத்த இடத்தில் எப்படிக் கேட்பது? கள்ளச்சாராயத்தில் கண் போன ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். கிருத்திகை நேற்றே முடிந்துவிட்டது.

மைத்துனன் கூடத்தில் குறட்டை விடுகிறான். இன்று அது நிற்கக் கூடாது.