இரண்டு இடது கைகள்

அன்பு அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாயா? அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

போன வாரம் தையல் கடையில் அப்பா ஒரு கோட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார். கறுப்புத் துணியில் நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்று இப்போது அவருக்குத் தெரிவதில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று கடை முதலாளி சொல்லிவிட்டாராம். கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்கிறார்.

நடுவில் ஒருநாள் சிரித்தோம். துணி என்றால் முதலில் வெட்டுதல் என்றுதான் அர்த்தமாம், தமிழ் டீச்சர் சொன்னார். நெய்ததிலிருந்து வெட்டி எடுத்ததால் அது துணி. மனதில் இழுபறியை வெட்டிவிட்டு ஒரு முடிவுக்கு வருவதும் துணிதல்தானாம். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் இத்தனை வருஷமா வெட்டினதையே வெட்டிட்டு இருக்கேனா? முதலாளிகிட்டச் சொல்லு, கூலியை ரெண்டு மடங்காக் கேப்போம்" என்றார்.

நேற்று ஒரு கல்யாணக் கோட்டுத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெட்டுவதற்குச் சாக்பீஸால் கோடு போட்டார். அவர் தூங்கியதும் பார்த்தேன். மறுபடியும் இரண்டும் இடது கை! எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு கையின் கோட்டைத் தட்டி அழித்துவிட்டு, கை வடிவில் வெட்டிய அளவு அட்டையைத் திருப்பி வைத்து நானே வரைந்தேன்.

காலையில் கத்திரியோடு வந்தவர், நான் வரைந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்து நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று கதவோரம் ஒட்டிக்கொண்டேன். "கோடு நல்லாத்தான் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லி, அதன்மேலேயே வெட்டினார். பிறகு வெகுநேரம் முகம் கழுவினார்.

இன்று ராத்திரி கால்சட்டைத் துணியைக் கோடு போடாமல் விரித்து, பக்கத்தில் சாக்பீஸையும் அளவுச் சீட்டையும் வைத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறார். குறட்டைச் சத்தமே இல்லை அக்கா.

டீச்சர் சொன்ன துணிதல் எனக்கு இன்னும் வரவில்லை. நான் தப்பாகப் போட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும். பயமாக இருக்கிறது. நீ வா. எனக்கு எதுவும் வாங்கிவர வேண்டாம். அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, நீ சொன்னால் கேட்பார். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே.

நீ வரும்வரை கோடு நான் போடுகிறேன்.

உன் செல்லத் தங்கை,
வாலு