மூடியில் பெயர்ந்த நீலம்

ஸ்ரீரங்கம்
3.6.2024

அன்புள்ள லூர்து,

உன் பேத்தியின் நிச்சயதார்த்தம் நன்றாக நடந்ததில் மகிழ்ச்சி. மோதிரம் வைக்க வேண்டும் என்று நீ கேட்டதால்தான் தங்கச் சிமிழை இரவல் தந்தேன். நான் சேர்த்துள்ள பதினேழு சிமிழ்களில் அதுதான் மிகப் பழையது. அவர் போன பிறகு நான் வாங்கிய முதல் பொருள். இன்று பார்த்தால், மூடியிலுள்ள மயிலின் கழுத்தில் நீல எனாமல் பெயர்ந்திருக்கிறது. கீழே விழுந்ததென்றால் சொல்லியிருக்கலாமே. கான்வென்டில் நமக்கு முதலில் கற்பித்ததே அதைத்தான். போனில் கேட்டால் குரல் உயரும் என்று எழுதுகிறேன்.

மணிமேகலை


திருவெறும்பூர்
7.6.2024

மணி,

உன் கடிதத்தை மருமகளிடம் காட்டவில்லை. "இவங்களா உங்க உயிர்த்தோழி?" என்பாள். விழா முடியும்வரை சிமிழ் என் மடியைவிட்டு இறங்கவில்லை. நானே கொண்டுவந்து கொடுத்தேன்; நீயும் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தானே வாங்கினாய்? இனி நீயாகக் கூப்பிடும்வரை உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்.

லூர்துராணி


ஸ்ரீரங்கம்
15.6.2024

அன்புள்ள லூர்து,

சின்னக்கடைத் தெருவில் பழைய நகைகளைப் பழுதுபார்க்கும் இம்தியாஸிடம் சிமிழைக் காட்டினேன்.

"இதை என்னம்மா பண்ணீங்க?"

"பூந்திக்கொட்டைத் தண்ணில கொதிக்க வெச்சு, பச்சத் தண்ணில அலசினேன்."

"வெறும் தங்கம்னா தாங்கும்மா. எனாமல் கண்ணாடி மாதிரி. அதுவும் பழசு. சூட்டோட குளிர்ல போட்டா தெறிச்சிரும். அழுக்கே இல்லியே, எதுக்குக் கழுவினீங்க?"

அதற்கான பதிலை உன்னிடம் சொல்கிறேன். உன் வீட்டிலிருந்து வந்தது என்றுதான் கழுவினேன். நீ தெருமுனை திரும்புவதற்குள் அடுப்பில் ஏற்றிவிட்டேன். என் அம்மாவின் வழக்கம் அது. ஆனால் எழுபத்துமூன்று வயதில் அம்மாவைக் கைகாட்டுவது அழகல்ல. கெடுத்தவள் நான். பழி சொன்னவளும் நான்.

மன்னித்துவிடு. இந்த வார்த்தையை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. கை வரவில்லை, இரண்டு தாளைக் கிழித்தேன்.

வீட்டுக்கு வா.

மணி


திருவெறும்பூர்
19.6.2024

அன்புள்ள மணி,

நீ கழுவுவாய் என்று எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்பில் முதல்முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோதே எனக்குத் தனி டம்ளர். இன்றைக்கும் அதே டம்ளர்தான், விளிம்பு நசுங்கியது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அறுபது வருடம்தானே ஆயிற்று.

கடிதத்தைப் படித்துக் கொஞ்சம் அழுதேன். பிறகு நன்றாகப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறுவேன். காபியை நீ குடிக்கிற வெள்ளி டம்ளரில் கொடு. சர்க்கரை அரை ஸ்பூன் போதும்.

உன்
லூர்து