சுவரில் நான் கழுவிய கோடு

அன்பு மகள் டெனீட்ராவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, முட்டிவலிகூட இந்த வாரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. மானம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அந்த அலாஸ்காப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா? இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ சிரித்தாலும் என்னால் தாங்க முடியாது, சிரிக்காமல் இருந்தாலும் தாங்க முடியாது, அதனால்தான் கடிதம். உன் அத்தை மகள் ஏதாவது படம் பிடித்து அனுப்பியிருந்தால் அதைத் திறக்காதே, முதலில் இதைப் படி.

நம் தெருமுனையில் மூடிக் கிடக்கிறதே சலவைக்கடை, அதன் பக்கச் சுவரில் கெசியா என்கிற பெண், உனக்கும் அவளைத் தெரியுமாமே, அதற்குப் பிறகு வருகிறேன், ஒரு மாதமாகப் பெரிய ஓவியம் வரைந்துகொண்டிருந்தாள். ஜாக்சனில் இப்போது ஒரு சுவரைச் சும்மா விடுவதில்லை, பாலத்துத் தூணில்கூட எவனோ படத்தில் நின்று எக்காளம் ஊதுகிறான். இதெல்லாம் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். நம் திருச்சபையில் இதற்காகக் கூட்டம் போட்டுக் கூப்பிட்டபோது, “முதல்ல சாக்கடைய சரி பண்ணுங்கய்யா, அப்புறம் சுவத்துக்குப் பவுடர் பூசலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால் அங்கே என்ன பேசி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனேன். நின்று ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் இந்தக் கேவலம் வந்திருக்காது.

போன சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் நம் வீட்டு வாசல் சிமெண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ வாங்கிக் கொடுத்த தண்ணீர் பீய்ச்சும் மெஷின்தான், அது கையில் வந்தபிறகு எந்தக் கறையைப் பார்த்தாலும் எனக்குப் பொறுப்பதில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், சலவைக்கடைச் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பழுப்பாகச் சேறு அப்பிக் கிடக்கிறது. வருகிற ஞாயிறு திறப்புவிழா, நகரசபை ஆட்கள் வருகிறார்கள், சபைப் பெண்கள் கெளுத்தி மீன் பொரிக்கப் போகிறார்கள், நம் தெரு இப்படியா அசிங்கமாக நிற்பது என்று மெஷினை இழுத்துக்கொண்டு போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தேனம்மா. ஒரு பொட்டு விடாமல் போய்விட்டது. பெருமையாகத்தான் இருந்தது. அப்போது கெசியா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்தாள், அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “ஆல்டன் ஐயா, அது அழுக்கு இல்ல. அதுதான் தண்ணி” என்றாள்.

உன் சின்ன வயதில் நம் ஊரை மூழ்கடித்ததே, அந்த ஈஸ்டர் வெள்ளத்தைத்தான் வரைந்திருக்கிறாள். பேர்ல் ஆற்றிலிருந்து சேறு அள்ளிவந்து பசையில் குழைத்து, அன்றைக்குத் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு முந்தினநாள்தான் பூசிக் காயவிட்டிருந்தாளாம். சேறு உதிராமல் பிடித்துவைக்கும் மேல்பூச்சு அன்று காலையில் அடிக்கவேண்டியது, அதைத்தான் வாளியில் கொண்டுவந்தாள். அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தலைக்குமேல் மூட்டையைத் தூக்கியவள், நாயைத் தூக்கியவன், எல்லோரும் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள், தண்ணீர் மட்டும் இல்லை. தபால்காரர் வண்டியை நிறுத்தி, “அட, ஊர்வலமா? ஜோரா ஆடுறாங்களே!” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டு லுவீனியா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏம்ப்பா ஆல்டன், இத்தனை வருஷம் நாங்க தேச்சும் போகாத வெள்ளக்கறையை ஒரு காலையில முடிச்சுட்டியே, கெட்டிக்காரன்தான்” என்றாள். முடிவெட்டப் போனால், “சபை டீக்கன் வந்துட்டாரு, அவனவன் மூஞ்சிய மூடிக்கங்கடா, கழுவிடப் போறாரு” என்கிறார்கள். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன், போதகர் பார்த்து நோவாவின் கதையை எடுக்கிறார். வேண்டுமென்றே எடுத்தாரோ என்னவோ.

திங்கட்கிழமை ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு கெசியாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நல்ல பெண், துண்டு போட்டு எனக்கே கொடுத்தாள். திரும்பப் பூசவேண்டும், அன்றைக்கு வெள்ளத்தில் நின்றவர்கள் வந்து மட்டத்தைக் காட்டுங்கள் என்றாள். சுவரின் ஓரத்தில் ஒருவன் இரண்டு கையாலும் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், பிள்ளை காலில் வெள்ளை ஈஸ்டர் ஷூ. அது நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா இருந்தேனா? “உன் கோடு ரொம்ப மேல இருந்துச்சும்மா. என் மக ஷூவுல ஒரு சொட்டு படல, கேட்டுப் பாரு” என்று ஆரம்பித்தேன். சபையில், முடிவெட்டும் கடையில், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எத்தனை தடவை சொன்ன கதை. கெசியா மெதுவாகச் சொன்னாள்: “கேட்டுட்டேங்க. வரையறதுக்கு முன்னாடியே போன்ல உங்க மகதான் சொன்னாங்க. ஷூ ரெண்டும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சாம். நனைஞ்சியாடா, நனைஞ்சியாடான்னு நீங்க கேட்டுக்கிட்டே வந்தீங்களாம். நனையலப்பான்னு அவங்களும் சொல்லிக்கிட்டே வந்தாங்களாம். நனைஞ்சுட்டேன்னு சொன்னா அப்பா அழுதுடுவாரோன்னு பயமாம்.”

டெனீட்ரா, சுவரைக் கழுவியதற்குப் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அஞ்சு வயதுப் பிள்ளை நீ. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், நீயல்லவா என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். அன்றைக்கு நாம் போய்த் தங்கிய பள்ளிக்கூடத்து முகாமில் உன் ஷூவைக் கழற்றியது உன் அம்மா வெர்லீன். ஈரத்தைப் பார்த்திருப்பாள். அவளும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்தில் நான் அந்தக் கதையை அளந்தபோது நீயும் அம்மாவும் கைதட்டினீர்களே, அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

நாளை மறுநாள் மறுபடி சேறு பூசுகிறோம். அந்த ஷூவின்மேல் மட்டும் நானே பூசுகிறேன் என்று கேட்டிருக்கிறேன், கெசியா சரி என்றாள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையை வண்டி டயரை மாற்றச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. ஒவ்வொரு ஞாயிறும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன், “நல்லா இருக்கேன்பா” என்கிறாய், ஒரு தடவைகூட வேறு பதில் வந்ததில்லை. இந்த ஞாயிறும் கேட்பேன். உள்ளதைச் சொல்லம்மா. நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் வெட்கம் தீராத உன் அப்பா,
ஆல்டன்