அம்மா, உனக்கு வந்தது காமாலை இல்லை

என் தங்கமான அம்மாவுக்கு,

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன், சேதியைப் பிறகு சொல்கிறேன். சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து ஒரு சத்தியம் வாங்கினாயே, அதைப் போன மாதம் உடைத்துவிட்டேன்.

“மார்ல கட்டின்னு வெளிய மூச்சு வுடாதடி. தெரிஞ்சா உன்னையும் சின்னவளையும் எவன் கட்டுவான்?” என்றாய். நான் தாவணி போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. சரோஜா உன் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வேன்?

ஆம்பளை டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். பத்துப் போட்டே கரைத்துவிடலாம் என்றாள் பெரிய அத்தை. நைனா உன்னை ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. கருமாதிக்கு வந்தவர்களிடம் அத்தைதான் “காமாலை” என்றாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் நான் அவள் படத்துக்குப் பூ வைப்பதில்லை.

அந்தப் பொய்யை நம்பி வளர்ந்தவள் சரோஜா. தி.நகரில் வாழ்க்கைப்பட்ட பிறகும், வெயில் காலம் வந்தால் மயிலாப்பூருக்கு வந்து கீழாநெல்லி வாங்கிப் போவாள். அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடிப்பாள். “அம்மாவுக்கு வந்தது எனக்கு வரக்கூடாதுக்கா” என்பாள். நான் கீரைக்காரியிடம் பேரம் பேசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று இமையைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்ப்பாள். வேறு எங்கே பார்க்கவேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது அவளுக்கும் அதே இடத்தில் கட்டி, அம்மா. அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. செய்தது ஒரு பெண் டாக்டர். உனக்கு இப்படி ஒருத்தி கிடைத்திருக்கக் கூடாதா?

மறுநாள் அந்த டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “உங்க அம்மா எதுல இறந்தாங்க?” என்று சரோஜாவைக் கேட்டாள்.

“காமாலைங்க” என்றாள் இவள், யோசிக்காமல்.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. “இல்லம்மா. எங்கம்மாவுக்கும் கேன்சருதான். மார்ல.”

சரோஜா என்னையே பார்த்தாள். “அப்ப இத்தினி வருசமா அந்தக் கசப்பைக் குடிச்சிக்கினு இருந்தது இன்னாத்துக்குக்கா?” என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அப்பப்ப வந்து காட்டச் சொல்லியிருப்போம்” என்று மட்டும் சொன்னாள். தாய்க்கும் மகளுக்கும் இந்த நோய் வருகிற குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறதாம். என் ரத்தமும் வேண்டுமாம், உன் கதையும் வேண்டுமாம். “இதுல உங்களுக்கு இப்ப ஒண்ணும் கிடைக்காது பாட்டி. பின்னால வர்ற பொண்ணுங்களுக்கு உதவும்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மகன் முருகன் குதித்தான். அவன் மகள் கவிதாவுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம். “இப்பதான் ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? சம்மந்தி காதுல வுழுந்தா இன்னா ஆவும்?” என்றான். நீ அன்றைக்குப் பேசியதுதான் அம்மா, அப்படியே என் பிள்ளை வாயிலிருந்து வந்தது.

கவிதா கம்ப்யூட்டர் கிளாஸிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “ஓடறவன் இப்பவே ஓடட்டும். நீ போய்க் குடு பாட்டி” என்றாள்.

கொடுத்துவிட்டு வந்தேன். உன் பெயரைச் சொன்னேன். பத்துப் போட்டும் கட்டி உடைந்து புண்ணாகி நீ கிடந்ததையும், நான் துணி அலசியதையும் சொன்னேன். டாக்டர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். உன் வலியை ஒருவர் உட்கார்ந்து முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா காப்பி கொடுத்தாள். “கலந்து பேசிட்டு, உங்க தெருமுனை பூத்துக்குப் போன் பண்றோம்” என்றாள். இன்னும் போன் வரவில்லை. முருகன் என்னோடு பேசுவதில்லை. கவிதா நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். ஆனால் பூத்துக்காரர் யாரையாவது கூப்பிட்டால் அவள் தலை நிமிர்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை அம்மா. எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. அதற்காகச் சரோஜா என்ன விலை கொடுத்தாள் பார்த்தாயா? அவ்வளவு வலியிலும் எங்களைத்தான் நினைத்தாய் என்று எண்ணும்போது மட்டும் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது.

நாளை சரோஜாவுக்கு மருந்து ஏற்றுகிறார்கள். பக்கத்தில் இருப்பேன். அந்த டாக்டர்கள் இன்னும் எத்தனை தடவை கூப்பிட்டாலும் போவேன். சம்பந்தம் நடந்தாலும் நின்றாலும் கவிதாவை வருடம் தவறாமல் கூட்டிப்போய்க் காட்டுவேன். முரண்டு பிடித்தால் காதைத் திருகியாவது. இதற்கு மட்டும் நீ குறுக்கே வராதே.

மயிலாப்பூரிலிருந்து,
உன் மூத்தவள், சரோஜாவின் அக்கா
ராஜாத்தி