பீர் மூர்த்திக்கு ஒரு போஸ்டர்

என் ஆசை மூர்த்தி மாமாவுக்கு,

அடுத்த வாரம் உன் முதல் வருஷ நினைவு நாள். போஸ்டரை, பாடியில் நான் வேலை செய்கிற அச்சுக்கடையிலேயே அடிக்கிறேன். படம் உங்கள் கல்யாணத்தில் எடுத்த அதே மீசையில்லாத படம்தான். அக்கா மாற்ற விடமாட்டேன் என்கிறாள். சண்டை பெயரில்தான்.

போன வருஷம் சாவு போஸ்டரில் 'கிருஷ்ணமூர்த்தி' என்று போட்டோமே, முத்தாபுதுப்பேட்டை எருமைக்காரர்களில் யாருக்கு அந்தப் பெயர் தெரியும்? போஸ்டரைத் தாண்டிப் போய், பீர் ஆலையிலிருந்து எருமைத் தீனிக்கு நீ ஓட்டிவரும் சக்கை வண்டிக்காகக் கொட்டகை வாசலில் காத்து நின்றிருக்கிறார்கள். செத்தது பீர் மூர்த்தி என்று தெரிவதற்குள் உன்னை எடுத்துவிட்டோம். பாவம், மனிதர்கள் வீட்டுக்கு வந்து அழுதார்கள்.

அதனால் இந்தத் தடவை 'பீர் மூர்த்தி' என்றே போடலாம் என்றேன். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"ஒரு சொட்டு தொடாத மனுசன்டா. செத்தப்புறம் செவுத்துல குடிகாரப் பேரு வாங்கணுமா? ஃப்ளாட்டுக்காரங்க படிச்சிட்டு இன்னா நெனப்பாங்க?"

அந்த ஃப்ளாட்டுக்காரர்கள் காபிக்கு ஊற்றுவதே உன் சக்கையைத் தின்ற எருமைகளின் பால்தான். சொன்னால் கேட்கிறாளா?

உன் மகள் தீபா போனில் தேடினாள். பீர் சக்கைக்கு இங்கிலீஷில் தனிப் பெயரே இருக்கிறதாம், 'டிராஃப்' என்று. பல நூறு வருஷப் பழைய சொல். டச்சுக்காரர்களிடமும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். அங்கேயும் அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டிருக்கிறார்கள். உதவாக்கரை ஆட்களையும் அந்தச் சொல்லாலேயே திட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு படம் ஓடினால் சக்கைப்போடு போடுகிறது என்போம். அவர்கள் சக்கைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"பார்லியோட இனிப்புத் தண்ணிய எறக்கிட்டா மிச்சம் நிக்கிறதுதாம்மா சக்கை. அந்தத் தண்ணி அப்புறமாதான் பீராவுது" என்றாள் தீபா.

"அப்போ உங்கப்பா எடுத்தாந்ததுல போதையே கெடியாதா?"

"கெடியாதும்மா."

அக்கா சிரித்தாள், உடனே அழுதாள். "அந்த நாத்தத்த நம்பி, வந்ததும் வராததுமா வாய ஊதச் சொல்லுவேனே."

"எருமையே தள்ளாடல, நான் எங்க தள்ளாடறது" என்று சொல்லிக்கொண்டே நீயும் தினமும் ஊதிக் காட்டுவாய். விஷயம் உனக்குத் தெரியுமா மாமா? தெரிந்தே ஊதினாயா?

"அப்போ 'டிராஃப் மூர்த்தி'ன்னு போடலாம்" என்றாள் தீபா.

"டிராப் மூர்த்தியா? யார எங்க எறக்கி உட்டாருன்னு கேப்பானுங்க" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பீர் சக்கை மூர்த்தின்னு போடு. பீர் சின்னதா, சக்கை பெருசா."

அப்படியே அடித்துவிட்டேன். பசை வாளியோடு நானே போகிறேன் மாமா, ஒரு கொட்டகை விடாமல் ஒட்டுவேன். இந்தத் தடவை உனக்காக யாரும் வாசலில் நிற்க வேண்டாம்.

ஊதச் சொன்னவளின் தம்பி,
உன் மச்சான் செல்வம்