ஒருத்தர் வீட்டுக்கும் போகாத பயணம்

13 செப்டெம்பர் 2007, வியாழன். டுசல்டோர்ஃப்

காலையில் தூறல். பதினொரு மணிக்கு வெயில். வோன்மொபில் கைக்கு வந்தாயிற்று. வண்டிக்குள்ளேயே வீடு: நாலு பேருக்குக் கட்டில், அடுப்பு, கழிவறை. நீளம் ஏழு மீற்றர். வாடகைக்குத் தந்தவன் சாவியை இவரிடம் நீட்டினான். நான் வாங்கினேன். "நீங்களா ஓட்டப்போகிறீர்கள்?" எட்டு வருடமாக முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வான் ஓட்டுகிறேன், இந்த நகரத்தில் நான் பின்பக்கமாக எடுக்காத சந்து இல்லை என்றேன். அவன் கையெழுத்துத் தாளை என் பக்கம் திருப்பினான்.

ஏற்றியவை: அரிசி, தூள், நெத்தலி, இவரின் சாரம் மூன்று, குடை, வரைபடம். மறந்தவை: செருப்பு, தலையிடிக் குளிசை.

இவரிடம் மூன்று தடவை சொன்னது: மோசல் ஆற்றோரமாக ஏழு நாள். ஒருத்தர் வீட்டுக்கும் போவதில்லை. இருபது வருடமாக விடுமுறை என்று போனதெல்லாம் சொந்தக்காரர் வீடு. பாரிஸ் என்றால் இவரின் மாமா வீட்டுக் குசினியில் சமையல். லண்டன் என்றால் தங்கச்சி வீட்டுக் குசினி. ஈஃபிள் கோபுரத்தைக் காருக்குள் இருந்து பார்த்தேன், மடியில் இறைச்சிச் சட்டியோடு. போதும்.

இவர் "ஓமப்பா" என்றார். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

14, வெள்ளி. கொக்கெம்

மூடுபனி. ஒன்பது மணிக்குத்தான் ஆறு தெரிந்தது. இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம், செங்குத்தாக. அதில் நின்று குலை ஆய்கிறார்கள், பார்க்கவே எனக்குக் கால் கூசியது.

வழியில் மாவட்ட எல்லைப் பலகைகளை எண்ணினேன். அதுவரை ஆறு. வந்த புதிதில் அகதி முகாமில் இருந்தபோது ஒரு பலகையைத் தாண்டவும் வெளிநாட்டவர் கந்தோரில் அனுமதிக் கடிதம் வாங்கவேண்டும். கடிதம் இல்லாமல் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போய், பொலிஸ் ரயிலால் இறக்கிவிட்டது. நேற்றும் இன்றும் ஆரிடமும் ஒரு கடிதமும் வாங்கவில்லை. ஏழாவது பலகை வந்தபோது ஹோர்ன் அடித்தேன். இவர் பயந்து போனார்.

மதியம் பாண், சீஸ், தக்காளி. சமைக்கவில்லை. இவர் அரிசிப் பையை இரண்டு தரம் பார்த்தார். பார்க்கட்டும்.

15, சனி. ட்ராபென்

வெயில். நல்ல இடம், தண்ணீர்க் குழாய் பக்கத்தில்.

பத்து மணிக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து பெரியத்தான் ரெலிபோன் எடுத்தார். இவரின் தமையன். இவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர், அதை நாங்கள் மறக்காமல் பார்த்துக்கொள்பவர். இவர் ஹண்டியைக் காதில் வைத்தபடி எழும்பி நின்றார். "ஓம் அண்ணை. ஓம் அண்ணை." பதினொரு ஓம்.

"வீடிருக்க ரோட்டில படுக்கிறியளோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லுங்கோ. அதுக்கும் ஓம் தானே."

"அண்ணைக்கு மாட்டன் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? ஏலாது."

நான் ஹண்டியை வாங்கினேன். "அத்தான், இந்த முறை நாங்கள் வரேல்லை."

"ஏன் பிள்ளை, எங்களில என்ன பிழை கண்டனீர்?"

"பிழை ஒண்டும் இல்லை. எனக்கு லீவு."

பின்னால் அவரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கேட்பது மட்டும் கேட்டது: "எத்தினை மணிக்கு வருவினமாம்? இறைச்சியை எடுத்து வெளியில வைக்கட்டோ?"

ஹண்டியை வைத்துவிட்டேன். கோபத்தில்தான், பயத்தில் இல்லை. கொஞ்சம் பயமும்.

பின்னேரம் ஆற்றோரம் தனியாக நடந்தேன், ஒரு மணித்தியாலம். திரும்பி வர இவர் ஹண்டியோடு கழிவறைக்குள். வெளியே வந்து முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டேன்.

"இடத்தின்ர பேரை மட்டும்தான் சொன்னனான்."

மட்டும்தானாம். இவரோடு இனிக் கதையில்லை.

16, ஞாயிறு. ட்ராபென், பிறகு பெர்ன்காஸ்டல்

பூசைக்குப் போகவில்லை. கர்த்தர் மன்னிப்பார், அவருக்குச் சொந்தக்காரர் தொல்லை தெரியும்.

பன்னிரண்டரைக்குக் கார் வந்தது. பெரியத்தான், அக்கா, நாலு சட்டி, சோற்றுக் குண்டான், பாய். "நீங்கள் வராட்டி நாங்கள் வருவம்" என்று சிரித்தார் அத்தான். அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்தாராம். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய், சொதி. பக்கத்து வண்டிக் கிழவனும் கிழவியும் மணத்துக்கே கதிரையைத் திருப்பிப் போட்டார்கள்.

சாப்பிட்டேன். சாப்பாட்டோடு எனக்கென்ன கோபம். அக்காவை இருந்து சாப்பிடச் சொன்னேன். "நீங்கள் முதல் முடியுங்கோ." கடைசியில் நின்றபடி நாலு வாய். பிறகு குழாயடியில் சட்டி கழுவப் போனார்.

அத்தான் கை துடைத்தார். "சரி, வெளிக்கிடுங்கோ. எனக்குப் பின்னால வண்டியை விடுங்கோ. மூண்டு மணித்தியாலம். இரவைக்கு எங்கட வீட்டை."

இவர் மேசையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"நான் வரேல்லை அத்தான்."

"சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். இருபது வருசமாக் கேட்டுக் களைச்சுப்போனன்." பிறகு இவரைப் பார்த்து: "நீங்கள் போறதெண்டால் அண்ணையின்ர காரில போங்கோ. நான் வியாழக்கிழமை தனிய வாறன்." உண்மையாகத்தான் சொன்னேன். சாரதி இருக்கையில் ஏறிச் சாவியைப் போட்டேன்.

இவர் மேசையோடு நடுவில். அண்ணையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

அப்போது அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜன்னலடிக்கு வந்தார்.

"பிள்ளை, இதுக்குள்ள எத்தினை பேர் படுக்கலாம்?"

"நாலு பேர்."

காருக்குப் போய்க் கைப்பையை எடுத்துவந்து மற்றப் பக்கத்தால் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தார். கதவைச் சாத்தினார்.

"என்னப்பா, எங்க போறீர்? சட்டியெல்லாம் கிடக்கு," என்றார் அத்தான்.

"நீங்கள் ஏத்துங்கோ," என்றார் அக்கா. "இரண்டு இன்னும் கழுவேல்லை."

அத்தான் குழாயடியைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடத்தில் அக்கா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார். இவர் மேசையைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் ஏறினார். நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

மாலை 6. பெர்ன்காஸ்டல். அக்கா ஆற்றைப் பார்த்தபடி கதிரையில், கால் நீட்டி. அவரின் ஹண்டி ஆறு தரம் அடித்தது, எடுக்கவில்லை. இவர் அரிசிப் பையோடு வந்து நின்று, "அண்ணி, இதுக்கு எவ்வளவு தண்ணி விடுறது?" என்று கேட்டார்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது தம்பி," என்றார் அக்கா.