நாலு எண்ணி நிறுத்து

மார்ச் 3

ஊதல்காரனுக்கு,

சுகமான்னு கேட்க வாய் வரலை. நான் பியானோவுக்கு எழுதின இசையை, என்னை ஒரு வார்த்தை கேட்காம, அஞ்சு ஊதுகருவிக்கு மாத்தி ஒத்திகை வரைக்கும் போயாச்சு. அரங்கத்து வாசல் போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்கே தெரியுது! நான் கையெழுத்துப் போடாம 28ஆம் தேதி அது மேடை ஏறாது.

எட்டு மாசமா விவாகரத்துக் காகிதம் உன் மேஜையில தூங்குது. அதைத் தொட நேரமில்லை, இதுக்கு மட்டும் நேரமாக்கும்?

உன் பியானோக்காரி (காகிதப்படி இன்னும்)

மார்ச் 7

அன்பு பியானோக்காரிக்கு,

தப்புதான். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம். திட்டு, ஆனா ஒரு சந்தேகத்தைத் தீர்த்துட்டுத் திட்டு.

பியானோவில் கடைசிச் சுரத்தை அழுத்திட்டு, பெடல்ல காலை வெச்சா, அது தானாத் தேய்ஞ்சு அடங்கிடும். எங்களுக்கு அது முடியாது, யாராவது நிறுத்தியாகணும். நேத்து மத்த நாலு பேரும் நிறுத்திட்டாங்க. நான் மட்டும் முகம் சிவக்க பசூனை ஊதிக்கிட்டே இருந்தேன். "அண்ணே, உயிரை விட்டுடாதீங்க"ன்னு கிளாரினெட்காரி கத்தினா.

எங்கே நிறுத்தணும்? நீயே சொல்லு.

உன் ஊதல்காரன்

மார்ச் 12

ஊதல்காரனுக்கு,

பார்த்தியா, முடிவு சொல்ற வேலை எப்பவும் என் தலையில!

ஒரே வீட்டில் நாம பேசாம இருந்த மாசங்கள்ல எழுதினது அது. யாரும் நிறுத்த வேண்டாம், தானா அடங்கிடும்னு நினைச்சுத்தான் கடைசியில பெடல்லேருந்து காலை எடுக்காம விட்டேன். நமக்குள்ள எதுவும் அடங்கலை. எனக்கு அலுத்துப்போச்சுடா.

நாலு எண்ணு, நிறுத்து. மூச்சு மிச்சம் இருந்தாலும் நிறுத்து. அனுமதிக் கடிதத்துல கையெழுத்துப் போட்டு இதோட வெச்சிருக்கேன். நீ போட வேண்டியதை நீ போடு.

பியானோக்காரி

மார்ச் 29

அன்பு பியானோக்காரிக்கு,

கச்சேரி நல்லா நடந்தது. கடைசி வரிசையில பழுப்புக் கோட்டோட உன்னைப் பார்த்தேன். விளக்குப் போடறதுக்குள்ள கிளம்பிட்டே.

மூணு எண்ணும்போது எனக்கு இன்னும் நிறைய மூச்சு இருந்தது. நீ பார்த்துக்கிட்டிருந்தே. இன்னும் கொஞ்சம் இழுக்கலாமேன்னு ஆசையா இருந்தது. நாலுல நிறுத்திட்டேன்.

காகிதம் இதோட இருக்கு. மூணு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சு.

ஊதல்காரன்